பதின்பருவ உடல் பருமன்: சாப்பாட்டைக் குறைப்பதா, உடற்பயிற்சியா?

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எடை ஏறிவிட்டது என்றால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "சோத்தைக் குறைச்சாலே போதும்" என்பது ஒரு கட்சி. "வளர்ற பிள்ளையைப் பட்டினி போடாதீங்க, ஓடியாடி விளையாடினா தானா இறங்கும்" என்பது இன்னொன்று. எடை மெஷினை மட்டும் நடுவராக வைத்தால் சாப்பாட்டுக் கட்சிதான் ஜெயிக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். பெற்றோர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

உடல் பருமன் உள்ள பல பிள்ளைகளுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருமை படர்ந்திருக்கும். அழுக்கு என்று நினைத்து எலுமிச்சம்பழமும் பயத்தமாவும் போட்டுத் தேய்ப்பார்கள். பிள்ளையைத் திட்டவும் செய்வார்கள். அது அழுக்கே இல்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை அளவுக்கு மேல் சுரக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பருவ வயதில் இன்சுலின் வேலை கொஞ்சம் மந்தப்படுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. அதன்மேல் பருமனும் சேரும்போதுதான் சிக்கல். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-ஐத் தாண்டுவது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-ஐத் தொடுவது, நல்ல கொழுப்பு 40-க்குக் கீழே போவது, ரத்த அழுத்தம் ஏறுவது, இடுப்புச் சுற்றளவு கூடுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றை எது சரி செய்கிறது என்பதுதான் உண்மையான போட்டி.

முதலில் சாப்பாடு. கணக்கு என்று பார்த்தால் இதற்கு எதிரில் எதுவும் நிற்காது. 300 மில்லி கோலா பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சுமார் 130 கலோரி. எழுபது கிலோ எடையுள்ள பிள்ளை அந்த 130 கலோரியை எரிக்க அரை மணி நேரம் நடக்க வேண்டும். குடிக்க ஆவது இரண்டு நிமிடம். எடையைக் குறைப்பது மட்டுமே குறிக்கோள் என்றால், நடந்து எரிப்பதைவிடக் குடிக்காமல் இருப்பது சுலபம்.

சாப்பாட்டின் பலம் எடையோடு முடிவதில்லை. அமெரிக்காவில் சான் டியாகோவிலும் அட்லாண்டாவிலும் கல்லீரலில் கொழுப்பு படிந்த, 11 முதல் 16 வயது வரையிலான 40 பையன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் பழச்சாறும் மொத்த கலோரியில் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும்படி உணவு. மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். எட்டே வாரத்தில் சர்க்கரை குறைத்தவர்களின் கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 21 என்பது 20 ஆனது, அவ்வளவுதான். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, சர்க்கரை குறைந்த அந்த உணவைப் பையனுக்கு மட்டும் கொடுக்காமல் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார்கள் என்பது. தம்பி கையில் குளிர்பானமும் அண்ணன் கையில் வெள்ளரிக்காயும் இருக்கிற வீட்டில் எந்த டயட்டும் நிலைக்காது.

சரி, உடற்பயிற்சி? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சோஜங் லீ என்ற ஆய்வாளரின் குழுவினர் 12 முதல் 18 வயது வரை பருமன் உள்ள 45 பையன்களை மூன்று மாதம் கவனித்தார்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவே இல்லை. ஒரு குழு டிரெட்மில், சைக்கிள் மாதிரியான மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி. ஒரு குழு எடை தூக்கும் பயிற்சி. இரண்டுமே வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. சும்மா இருந்தவர்களுக்கு எடை ஏறியது. பயிற்சி செய்தவர்களுக்கு எடை ஏறவில்லை. சொல்லிக்கொள்ளும்படி இறங்கவும் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருந்த கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் இரு பயிற்சிக் குழுக்களிலும் குறைந்தன. எடை தூக்கியவர்களுக்கு இன்சுலின் செயல்பாடும் 27 சதவீதம் மேம்பட்டது.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. பிள்ளை ஒரு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யும். மெஷினில் ஏறி நின்றால் அதே எடை. "ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, டியூஷனாவது ஒழுங்கா போ" என்று நிறுத்திவிடுவார்கள். உள்ளே நடந்த நல்லது யார் கண்ணிலும் படுவதில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதன் பலன் பயிற்சி முடிந்து ஒரு நாளைக்கு மேலும் நீடிக்கும். அப்புறம் இன்னொன்று: உயரம் கூடிக்கொண்டிருக்கிற வயதில் எடை அப்படியே நின்றாலே அது முன்னேற்றம்தான்.

ஓட்டமா, எடை தூக்குவதா என்பதில் ஒரே பதில் கிடையாது. அதே குழுவினர் 44 பெண் பிள்ளைகளை வைத்துச் செய்தபோது முடிவு மாறியது: மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. பிற்பாடு ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து ஆறு மாதம் செய்ததில், மூச்சு வாங்கும் பயிற்சியும் இரண்டும் கலந்த பயிற்சியும் நல்ல பலன் தந்தன. எடை தூக்குவது மட்டும் என்பது இன்சுலின் விஷயத்தில் பின்தங்கியது. கனடாவில் 304 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் எல்லோருக்கும் உணவு ஆலோசனை உண்டு. அதில் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓட்டம் மட்டும் செய்தவர்களைவிட இரண்டும் கலந்து செய்தவர்களுக்கு உடல் கொழுப்பு அதிகம் குறைந்திருந்தது.

ஆகவே கலந்து செய்வதுதான் என் தேர்வு. ஆனால் தொடக்கம் எடை தூக்கும் பக்கத்திலிருந்து இருக்கட்டும் என்பேன். பருமனான பிள்ளையை மைதானத்தில் ஓடவிட்டால் கடைசியாக வரும், முழங்கால் வலிக்கும், நாலு பேர் சிரிப்பார்கள், மறுநாள் போகாது. அதே பிள்ளை டம்பெல் தூக்கினால் வகுப்பிலேயே பலசாலிகளில் ஒன்றாக இருக்கும். பஸ்கி, சுவரில் கை ஊன்றித் தண்டால் என்று வீட்டிலேயே தொடங்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகியதும் சைக்கிள், நீச்சல், வேக நடை என்று சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் அந்த 60 நிமிடத்தில்தான் கை வைக்கின்றன. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேட்டே ஆக வேண்டும்.

விட்டு விட்டு விரதம் இருக்கும் டயட்டைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 141 பதின்பருவத்தினரை வைத்து ஓராண்டு பார்த்தார்கள்: வாரத்தில் மூன்று நாள் கடுமையாகக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும், தினமும் அளவாகக் குறைத்தவர்களுக்கும் பலன் ஒன்றுதான். அதுவும் மருத்துவரும் உணவு நிபுணரும் கூடவே இருந்து கவனித்த ஏற்பாடு. யூடியூப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டியதில்லை. பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி ஒளிந்து சாப்பிடும் பழக்கம் இந்த வயதில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், விடுவது கஷ்டம்.

சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் சோற்றுத் தட்டு கூட இல்லை. பள்ளி விட்டு டியூஷனுக்குப் போகும் வழியில் இருக்கிற பேக்கரி. ஒரு பப்ஸ், ஒரு ரோஸ்மில்க். அப்புறம் ராத்திரி ஒன்பதரைக்குப் பசியோடு வந்து இன்னொரு முழுச் சாப்பாடு. நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ மோரோ வயிற்றுக்குள் போனால் ராத்திரிப் பசி தானாகக் குறையும். இனிப்புப் பானங்களை வீட்டுக்குள்ளேயே வாங்காமல் நிறுத்துவது முதல் மாதத்துக்குப் போதும். சோற்றின் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருக்க முடியாத நிலையும் உண்டு. அமெரிக்காவில் ஏற்கெனவே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்துவிட்ட 699 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. அதோடு உணவு, உடற்பயிற்சித் திட்டத்தைச் சேர்த்தும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நோய் வருவதற்கு முன்பு செய்கிறபோதுதான் இவற்றுக்கு முழு வலு. கழுத்துக் கருமையோ, குடும்பத்தில் சர்க்கரையோ இருந்தால் இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ, அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தாலோ, பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனாலோ டயட்டா, ஜிம்மா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.