சாம்பிளைக் கெடுத்ததும் அவர்களே, அதை வைத்து பேக்கேஜ் விற்றதும் அவர்களே

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேபில் 'முழு உடல் பரிசோதனை' புக் செய்யப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

என் அக்காவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, சும்மா ஒரு செக்கப். வந்தவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியது கட்டியபடியே இருக்க, "கையை மூடி மூடித் திறங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்து, ஊசியைக் கழற்றாமலே ரத்தத்தை ட்யூபுக்குள் பீய்ச்சி, ட்யூபைப் பலமாகக் குலுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரிப்போர்ட்டில் எல்டிஹெச் (அணுக்களுக்குள் இருக்கும் ஒரு என்சைம்) இரண்டு மடங்கு, எஸ்ஜிஓடி (கல்லீரல் சோதனையில் பார்க்கும் என்சைம்) கூடுதல், பொட்டாசியம் 6.2. மூன்றும் சிவப்பு எழுத்தில். அதைப் பார்த்து முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. பேசியது டாக்டர் இல்லை, 'ஹெல்த் அட்வைசராம்'. "எல்டிஹெச் ஏறியிருக்கு மேடம், கேன்சராகூட இருக்கலாம். சிஏ 125, சிஇஏ சேர்ந்த பேக்கேஜ் இருக்கு. இன்னைக்கே புக் பண்ணா தள்ளுபடி." சிஏ 125, சிஇஏ இரண்டும் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள். அக்கா அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் எங்கள் டாக்டர் முதல் வேலையாக ஈசிஜி எடுத்தார். பொட்டாசியம் நிஜமாகவே அந்த அளவுக்கு ஏறியிருந்தால் இதயத் துடிப்புக்கே ஆபத்து. ஈசிஜியில் ஒன்றும் இல்லை. கல்லீரல் கோளாறைக் காட்டும் எஸ்ஜிபிடி, ஜிஜிடி, பிலிருபின் மூன்றும் சரியாக இருந்ததைப் பார்த்தவர், "ரத்தம் எடுக்கும்போது ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டார். விஷயம் அங்கேதான் இருந்தது. ஏறியிருந்த மூன்றுமே சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பவை. எல்டிஹெச் எல்லாம் சீரத்தில் (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும், சோதனைக்கு எடுக்கும் திரவம்) இருப்பதைவிட அணுவுக்குள் நூறு மடங்குக்கும் மேல். ட்யூபில் கொஞ்சம் அணுக்கள் உடைந்தாலே ரிப்போர்ட் தாறுமாறாகிவிடும். சிவப்பணு இப்படி உடைவதற்கு ஹீமோலைசிஸ் என்று பெயர்.

உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடையும் நோய்களும் உண்டு. அப்படியிருந்தால் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் குறைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினைப் பிடித்து அப்புறப்படுத்துவதிலேயே அது செலவாகிவிடுகிறது. அதையும் சேர்த்து வேறு லேபில் பார்த்தோம். ஹாப்டோகுளோபின் நார்மல், அந்த மூன்றும் நார்மல்.

ரத்தம் எடுக்கும்போது அணு உடைவது எந்த லேபிலும் நடப்பதுதான், அதற்காக நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் நல்ல சீரம் வெளிர் மஞ்சளாக இருக்கும். அணு உடைந்தால் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். இப்போதுள்ள பெரிய அனலைசர்கள் அந்த நிறத்தை அளந்து ஹீமோலைசிஸ் இன்டெக்ஸ் என்று ஓர் எண்ணே தருகின்றன. ஒன்று, சாம்பிளை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். இல்லையென்றால் ரிப்போர்ட்டில் அதைக் குறிப்பிட வேண்டும். இவர்கள் இரண்டையும் செய்யாமல் எண்களை விற்பனைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவர்கள் விற்கப் பார்த்த சிஏ 125 கதையும் கேளுங்கள். மாதவிடாயிலும், புற்றுநோய் அல்லாத ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் போன்ற கர்ப்பப்பைக் கோளாறுகளிலும் அது ஏறலாம். அறிகுறி இல்லாத பெண்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: அந்தப் பரிசோதனையால் சூலகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. சிஇஏ புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதலாக இருக்கும். சிகிச்சையில் இருப்பவரைக் கண்காணிக்க இவை உதவும், அது வேறு.

பேக்கேஜில் சோதனைகள் கூடக் கூட சிவப்பு எழுத்தும் கூடும். நார்மல் என்று போடும் வரம்பே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை வைத்துப் போட்டதுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், நல்லா இருப்பவருக்கும் ஒன்றாவது வரம்பு மீற 64 சதவீத வாய்ப்பு. இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

எல்டிஹெச், எஸ்ஜிஓடி, பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் சாம்பிள் எப்படி இருந்தது என்று லேபில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பொட்டாசியம் அதிகம் என்று வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள், சாம்பிள் கோளாறா இல்லையா என்று அவர் சொல்லட்டும்.

நாங்கள் புகார் அனுப்பியதும் அதே ரிப்போர்ட் திரும்ப வந்தது. அதே தேதி, அதே எண்கள். அடியில் மட்டும் பொடி எழுத்தில் 'சாம்பிள் ஹீமோலைஸ்ட்' என்று புதிதாக முளைத்திருந்தது. முதலில் வந்த பிடிஎஃப் எங்களிடம் இருந்ததால்தான் பணம் திரும்பி வந்தது. அதை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.