பிளான் கீற முதல் சபைக்குப் போங்கள்

கிளிநொச்சியில் அம்மாவின் வளவில் இரண்டு அறை, ஒரு குளியலறை, ரோட்டுப் பக்கம் வாடகைக்கு விட ஒரு கடை அறை கட்ட நினைத்தேன். லண்டனில் இருந்தபடியே எல்லாவற்றையும் முடிவு செய்து, வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பிடித்துப் பிளான் கீறுவித்து, காசும் அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அந்தப் பிளான் இப்போது அம்மாவின் அலுமாரிக்குள் கிடக்கிறது. பார்க்க நல்ல வடிவு.

"அண்ணா, அனுமதிக்குக் குடுக்க முதல் ஒருக்கா சபையில காட்டிப் பாருங்கோ" என்று சொன்னது தங்கச்சி. சரி என்று செவ்வாய்க்கிழமை பிரதேச சபைக்குப் போனால் ரீ.ஓ, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர், சைட் பார்க்கப் போயிருந்தார். ஒரு காலை வீண். புதன்கிழமை போய்ப் பிடித்தேன்.

இளம் பிள்ளை. பிளானை விரிக்கக்கூட இல்லை, "ஐயா, காணி உறுதியோ பெர்மிட்டோ?" என்றுதான் முதலில் கேட்டார். உறுதி என்றால் சொந்தக் காணிக்கான பத்திரம், பெர்மிட் என்றால் அரச காணியை அனுபவிக்கத் தரும் அனுமதிப் பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அப்பாவுக்குக் கிடைத்த பெர்மிட் காணி அது, அப்பாவுக்குப் பிறகு அம்மா அனுபவிக்கிறார். நானோ பிரித்தானியப் பாஸ்போட்காரன், பிளானில் உரிமையாளர் என்று என் பெயரைப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன்! அம்மாவின் பெயரில்தான் போக வேண்டும், அதற்கு முதல் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் பெர்மிட் விவரத்தைச் சரிபாருங்கள் என்றார்.

அப்புறம்தான் பிளான். கடை அறையை வேலியோடு ஒட்டிக் கீறியிருந்தது. கட்டட எல்லையை, அதாவது ரோட்டுக்கு எவ்வளவு கிட்டக் கட்டலாம் என்ற கோட்டை, ரோட்டின் நடுவிலிருந்து அளப்பார்கள், நம் வேலியிலிருந்து அல்ல என்பது எனக்கும் தெரியாது, காசு வாங்கிக் கீறியவருக்கும் தெரியவில்லை. ரோடு ஆருடையது என்றும் பார்க்க வேண்டுமாம். ஏ9 போன்ற பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை, உள் ரோடு என்றால் சபை. அடுத்தது மலசலகூடக் குழி. எங்கள் கிணற்றுக்குத் தூரமாக வைத்துவிட்டோம் என்று நினைத்தால், பக்கத்து வளவுக் கிணறு குழிக்குக் கிட்ட நிற்கிறது. பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்க்கும்போது அங்கேதான் நிற்பார் என்று சிரித்தார். வளவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு ஒதுக்கு, அதாவது கட்டாமல் விடும் நிலம், விட வேண்டும், அதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். கடை சேர்ந்தால் அது வெறும் வீடு இல்லை, கட்டணமும் வேறு, வாகனம் நிறுத்த இடமும் கேட்பார்கள்.

எல்லாம் அரை மணித்தியாலம், ஒரு சதம் செலவில்லை. லண்டனில் எங்கள் கவுன்சிலில் இப்படி விண்ணப்பத்துக்கு முதல் ஆலோசனை கேட்கவே காசு கட்ட வேண்டும். ஆனால் ஒன்று, அங்கே பதிலை எழுத்தில் தருவார்கள். இங்கே "இதையெல்லாம் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். "ஏலாது ஐயா, முடிவெடுக்கிறது திட்டமிடல் குழு" என்றார். நியாயம்தான். அதனால் அவர் சொன்னதைப் பழைய பிளானின் பின்புறத்தில் நானே எழுதிக்கொண்டேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: போகும்போது கீறி முடித்த பிளான் வேண்டாம். பெர்மிட் அல்லது உறுதியின் பிரதி, நில அளவையாளரின் காணிப் படம், கிணறுகளைக் குறித்த ஒரு கைப்படம் போதும். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே காசு கையில் வர முதல் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கட்டி முடித்ததும், அனுமதித்த பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் அனேகம் பேர் அதை மறந்து திரும்பி விடுகிறார்கள்.

புதுப் பிளானில் கடை அறை பின்னுக்குப் போய்விட்டது. அது வந்து நிற்கும் இடத்தில்தான் அம்மாவின் முருங்கை நிற்கிறது. அதற்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.