பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கப் போகிறீர்களா? என் 5 மாதச் சேமிப்பு போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம்தான் ரிப்பேர் செய்பவர் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 5 மாதச் சேமிப்பு.

நான் வாங்கியது கிட்டார் சத்தத்தை விதவிதமாக மாற்றித் தரும் பெட்டி, தரையில் வைத்துக் காலால் இயக்கும் பெரிய வகை. டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே (எதிரொலி), ரிவெர்ப், ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) மாடல் என்று எஃபெக்ட் எல்லாம் ஒரே பெட்டியில், ஓரத்தில் ‘வா’ எஃபெக்டையும் வால்யூமையும் காலால் ஏற்றி இறக்க ஒரு எக்ஸ்பிரஷன் பெடல். புதிதாக வாங்க வசதி இல்லை. ஆளுக்கு ஆள் பழைய சாமான் விற்றுக்கொள்ளும் ஒரு செயலியில் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் எனக்குத்தான் தலைவலி.

விற்றவரின் பேச்சில்தான் விழுந்தேன். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "தம்பி, உங்க கிட்டார்ல சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா?" என்று கேட்டார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் இரண்டு வகைகள் அவை. சிங்கிள் காயில் என்றேன். "அப்போ இரைச்சல் கொஞ்சம் வரும், கெயினைக் குறைச்சு நாய்ஸ் கேட்டை ஏத்தி உங்களுக்குன்னு ஒரு பேட்ச் போட்டுத் தர்றேன்" என்றார். பேட்ச் என்றால் பெட்டியில் சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு, நாய்ஸ் கேட் இரைச்சலை அடக்குவது. எந்த விற்பனையாளர் இப்படிக் கேட்பார்? மறுநாள் 2 நிமிட வீடியோ வந்தது. முதலில் கிளீன், அப்புறம் லீட், நோட் நின்ற பிறகும் டிலே அழகாகத் தேய்ந்து மறைகிறது. ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலைதான் 5 மாதச் சேமிப்பு.

அந்த வீடியோவில் பெட்டியின் பின்னாலிருந்து ஒரே ஒரு மெல்லிய ஒயர் லேப்டாப்புக்குப் போனது. ஆம்ப் எங்குமே இல்லை. பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

பணம் செயலியிடம் இருக்கும், பொருள் கைக்கு வந்து 3 நாள் புகார் இல்லையென்றால் விற்றவருக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு எனக்குப் பாதுகாப்பு என்றுதான் நம்பினேன்.

முதல் நாள் சொருகியதும் நன்றாகத்தான் பாடியது. பத்து நிமிடம் கழித்துக் கரகரப்பு. அப்புறம் யாரோ வால்யூமை மெல்லத் திருகி அடைப்பது போலச் சத்தம் இறங்கி இறங்கி நின்றேவிட்டது. அணைத்து அரை மணி நேரம் விட்டால் திரும்ப வரும். மறுபடியும் பத்து நிமிடம்தான்.

அவருக்கு எழுதினேன். "கேபிளை மாத்திப் பாருங்க தம்பி." மாற்றினேன். "ஆம்போட முன்பக்க இன்புட்ல சொருகுனா கேபினட் சிமுலேஷனை ஆஃப் பண்ணணும், தெரியுமில்ல?" அது தெரியும். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்து காட்டும் வசதி அது. அதை ஆன் செய்து வைத்தால் ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னொரு ஸ்பீக்கர் வழியாகக் கேட்பது போல மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். சத்தம் சாகாது. "அப்போ ஆம்ப்லதான் கோளாறு." கிட்டாரை நேராக ஆம்பில் சொருகி ஒரு மணி நேரம் வாசித்தேன், ஒரு குறையும் இல்லை. எரிச்சல் எங்கே என்றால், அவர் சொன்னது ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியான யோசனை. அதனால்தான் செய்துகொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார். செய்தேன். எனக்கென்று போட்டுக் கொடுத்த பேட்ச் உட்பட எல்லாம் அழிந்தது. "அட, முதல்ல பேக்கப் எடுத்திருக்கணுமே" என்று அப்புறம் சொல்கிறார்! அதே ராத்திரி எக்ஸ்பிரஷன் பெடலைக் காலிப்ரேட் பண்ணச் சொன்னார். குதிகாலை அழுத்து, நுனியை அழுத்து. அதற்கும் இந்தக் கோளாறுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

மூன்றாம் நாள் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட். நடுவில் நின்றால் பெட்டி திரும்ப ஆன் ஆகாமலே போகலாம் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்தது. பத்து நிமிடம். கரகர. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். "வெளியில இருக்கேன், காலைல பேசலாம் தம்பி."

காலையில் பணம் அவருக்குப் போய்விட்டது. "வீடியோ பார்த்துட்டுத்தானே வாங்குனீங்க?" என்று ஒரு வரி வந்தது. தம்பி காணாமல் போயிருந்தது. மத்தியானத்துக்குள் என்னை பிளாக் செய்துவிட்டார்.

செயலிக்காரர்கள் அதற்கும் மேல். முதல் நாளே விற்றவரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உரையாடலை முழுக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "விற்பனையாளருடனான உரையாடல் புகாராகக் கருதப்படாது." 4 முறை எழுதினேன், 4 முறையும் அதே வாக்கியம், கீழே மட்டும் வேறு வேறு பெயர். 5 மாதச் சேமிப்பு ஐயா, ஒருவராவது படித்தீர்களா?

ரிப்பேர் செய்பவர் அடியிலிருந்த திருகுகளைப் பார்த்ததுமே, "இதை ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க" என்றார். தலையெல்லாம் தேய்ந்திருந்தது. திருப்பிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். உள்ளே அவுட்புட் பக்கம் போர்டு கருகி, மேலே யாரோ கத்துக்குட்டித்தனமாக ஈயம் வைத்திருந்தார்கள். சூடேறியதும் அந்த இடம் விட்டுவிடுகிறது. யூஎஸ்பி வழியாகப் போகும் சத்தம் டிஜிட்டலாகவே லேப்டாப்புக்குப் போய்விடும், பின்பக்க ஜாக்குக்கு வரும் பாதையைத் தொடுவதே இல்லை. வீடியோவில் ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று இப்போது புரிகிறதா? இதைத் தெரியாமல் செய்தார் என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது. போர்டை முழுசாக மாற்ற வேண்டுமாம், அந்த போர்டு கிடைக்காதாம்.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு: ஆம்பில் சொருகி அரை மணி நேரமாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், யூஎஸ்பி, ஹெட்ஃபோன் எல்லாம் செல்லாது. ஃபுட் ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் மிதியுங்கள். அடியில் திருகைப் பாருங்கள். அடாப்டர் கம்பெனியுடையதா என்று பாருங்கள். வோல்ட் மட்டும் ஒத்துப்போனால் போதாது, முனையின் பிளஸ் மைனஸும் பெட்டியில் அச்சிட்டதோடு பொருந்த வேண்டும், மில்லி ஆம்பியர் அச்சிட்டதற்குக் குறையக் கூடாது. பெடல்களில் பெரும்பாலும் நடுமுனை மைனஸ், கண்ட கண்ட அடாப்டரைச் சொருகினால் பெட்டி எரியலாம். கோளாறு தெரிந்த அன்றைக்கே செயலியில் புகாரைப் பதிந்துவிட்டு அப்புறம் கேபிளை மாற்றுங்கள்.

மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். இப்போது செயலிக்காரர்களுக்கு ஐந்தாவது தடவையாக எழுத வேண்டும். 5 மாதச் சேமிப்பு, விட மனசு வரவில்லை.