யூ.எஸ்.பி. கேசட் கன்வெர்ட்டர்: மறைந்தவரின் பாட்டைக் காப்பாற்ற இது போதுமா?

பாட்டே மூச்சாக இருந்த ஒருவர் திடீரென்று போய்விட்டால், வீட்டில் மிஞ்சுவது பல நேரம் ஒரு பை நிறையக் கேசட்டுகள். எதில் என்ன இருக்கிறது என்று சொல்ல அவர் இல்லை. வீட்டார் அவசரத்தில் வாங்குவது கேசட்டில் உள்ள ஒலியைக் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றும், வாக்மேன் அளவில் வரும் யூ.எஸ்.பி. கேசட் கன்வெர்ட்டர். பெயர்கள் பல, உள்ளே இருக்கும் இயந்திரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேச்சுக்கு இது போதும். பாட்டுக்குப் போதாது.

காரணம் வேகம். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். மலிவான மோட்டார்களில் இது சில சதவீதம் கூடவோ குறையவோ செய்யும். 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். 3 சதவீதம் கூடினாலே, ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்பார். குரலும் மெலிந்து சின்னப் பெண்ணின் குரலாகிவிடும். “அம்மா குரல் மாதிரியே இல்லையே” என்று பிள்ளைகள் சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரைத்தான்.

ஒரே சீராகத் தவறிய வேகத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தலாம். பழைய வீட்டுப் பதிவுகளில் மின்சார இரைச்சல் லேசாகக் கலந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் பதிவானது என்றால் அந்த இரைச்சல் 50-இல் இருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் பாட்டு இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தின் அளவை 65536 ஆக வைத்துப் பாருங்கள். மேடு 51.5-இல் தெரிந்தால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது, வேகத்தை 0.971 மடங்காக்குங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொட வேண்டாம், தாளம் வேகமாகவே நின்றுவிடும். இதைச் செய்யும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். இல்லையென்றால் சார்ஜர் வழியாக இப்போது நுழையும் இரைச்சலும் 50-இல் வந்து குழப்பும். அவர் பயன்படுத்திய ஆர்மோனியச் சுருதிப்பெட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது; அதை ஒலிக்கவிட்டு ஒப்பிடலாம்.

எளிதில் திருத்த முடியாதது அலைவு, அதாவது வேகம் கணத்துக்குக் கணம் கூடிக் குறைவது. ஓட்டத்தைச் சீராக வைக்கும் ஃப்ளைவீல் சக்கரம் இந்தக் கருவியில் மிகச் சிறியது; ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வை வரும்போது ஸ்வரம் நடுங்கும். அது பாடியவரின் நடுக்கம் அல்ல என்று கேட்பவருக்குத் தெரியாது. நன்றாகப் பாடிய ஒருவருக்கு இது அநியாயம்.

மந்தமான ஒலிக்கு வேறு காரணங்கள் உண்டு. கேசட்டின் திறந்த பக்கத்தில், நடுவில் ஒரு சிறு பஞ்சுத்திண்டு தெரிய வேண்டும். அது உதிர்ந்திருந்தால், நாடாவைப் படிக்கும் காந்த முனையான ஹெட்டில் நாடா சரியாகப் படியாது. திருகு போட்ட காலி கேசட் ஒன்றைப் பிரித்து அதற்குள் நாடாவை மாற்றலாம். ஒட்டி மூடிய கேசட் என்றால் விளிம்பைப் பிளேடால் நிதானமாகப் பிளக்க வேண்டும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது, ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் போகும். திண்டும் நாடாவும் சுத்தமாக இருந்தும் ஒலி மங்கினால் பெரும்பாலும் ஹெட்டின் சாய்வுதான் பிரச்சினை. ஹெட் ஓரத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். ‘ச’, ‘ஸ’ கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம்.

லேபிளை நம்பாதீர்கள். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில், மேலே பதிவதைத் தடுக்க உள்ள சதுரக் குழியில் செல்லோடேப் ஒட்டியிருந்தால், யாரோ அதன் மேல் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தூக்கிப் போடும் குவியலில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். இரண்டு பக்கமும் கடைசி வரை ஓடட்டும். பிள்ளைகளுக்கு ஒரே வரியைக் கோபமே இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது, நடுவில் “தண்ணி குடிச்சிட்டு வா” என்பது எல்லாம் பாட்டு முடிந்த பிறகுதான் வரும். எடிட் செய்பவர்கள் முதலில் வெட்டி எறிவதும் அதையேதான்.

அளவு: உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் கருவியின் ஒலிச் சக்கரத்தை வையுங்கள், சிதறிப் பதிந்த ஒலி திரும்பாது. பென்டிரைவில் நேராக எம்பி3 பதியும் மாடலைத் தவிர்த்து, கம்ப்யூட்டரில் வேவ் ஆக, அதாவது சுருக்காத ஒலிக் கோப்பாகப் பதியும் மாடலைப் பாருங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 60 நிமிடத்துக்கு சுமார் 635 எம்.பி. ஆகும். இரைச்சல் நீக்கத்தை நகலில் மட்டும் செய்யுங்கள், அதுவும் 6 டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வரும்.

நினைவுக் கூட்டம் நெருங்குகிறது, ஒரு பாட்டாவது ஒலிக்க வேண்டும் என்றால் இந்தக் கருவியை வாங்கலாம். அந்த வேலையை முடித்துத் தரும். மீதியை நல்ல நிலையில் உள்ள பழைய கேசட் டெக்கில், லைன் அவுட் துளையிலிருந்து, ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாக எடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருக வேண்டாம், அது பெரும்பாலும் மோனோ. டெக்கில் ரெக்கார்ட் பட்டன் இருக்கும் என்பதால், போடுவதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பில் அந்தச் சதுரக் குழிகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தக்கைகளை உடைத்துவிடுங்கள், ஒட்டிய செல்லோடேப்பையும் உரித்துவிடுங்கள்.