ரிப்பீட்டரா, ஹாட்ஸ்பாட்டா, வாட்ஸ்அப் குழுவா? பினாங்கு ஹாம்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) நடத்தும் அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம், தேர்வில் தேறி, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்துவிட்டது. அடுத்து காசையும் நேரத்தையும் எதில் போடுவது? பினாங்கில் இருப்பவருக்கு வழிகள் பல: குரலை வாங்கி உயரத்திலிருந்து மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர், ரேடியோவை வீட்டு இணையத்தோடு இணைக்கும் ஹாட்ஸ்பாட், வாட்ஸ்அப் குழு, இன்னும் சில. சில வழிகள் செய்தியைக் கொண்டுவந்து தரும். சில வழிகளில்தான் உங்கள் குரல் நாலு பேருக்குப் பழக்கமாகும். உள்ளூர் ஹாம்களுள் ஒருவராக வேண்டும் என்றால் இரண்டாவது வகைக்கே முதலிடம் என்பது எங்கள் முடிவு.

வாட்ஸ்அப் குழுவும் ரிப்பீட்டரும்

குழுவுக்குச் செலவே இல்லை. தேர்வுத் தேதி, ரிப்பீட்டர் பழுது, பழைய ரேடியோ விற்பனை, ஓட்டப் போட்டிக்குத் தொடர்பாளர் தேவை என்ற அழைப்பு எல்லாம் அங்கேதான் முதலில் வரும். ஆகவே சேராமல் இருக்காதீர்கள். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அந்த ஒரு வரியைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் படித்துக்கொண்டே இருந்தாலும் உங்களை யாருக்கும் தெரியாது. இன்னொரு குறை பெரியது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கியது போன்ற புயல்மழையில் மின்சாரம் போனால், கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ஹாம்கள் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் குழு மௌனமாகிவிடும்.

2 மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டருக்கு 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஒன்று போதும். உயரம்தான் இங்கே எல்லாம். ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையிலுள்ள ஹேண்டிக்கு 5 கி.மீ.; 20ஆவது மாடிக்கு, அதாவது சுமார் 60 மீட்டருக்கு, 32 கி.மீ.; 800 மீட்டர் மலை உச்சிக்கு 116 கி.மீ. கடலைப் பார்த்த மாடி வீட்டிலிருந்து செபராங் பிறையுடன் ரிப்பீட்டர் இல்லாமலேயே பேசிவிடலாம். பாலிக் பூலாவிலிருந்து ஜார்ஜ்டவுனைப் பிடிப்பதுதான் கடினம். கொடிமலைத் தொடர் நடுவில் நிற்கிறது. அங்கே குடியிருப்பவர் எந்த ரிப்பீட்டர் தன் வீட்டிலிருந்து தெளிவாகக் கேட்கிறது என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடலாம்.

தவறுவது பெரும்பாலும் அமைப்பில்தான். அனுப்பும், கேட்கும் அதிர்வெண்களுக்கு இடையே இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். கூட்டலா கழித்தலா என்பதை உள்ளூர் ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் பக்கத்துக்கு மட்டும் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லொலி) வையுங்கள். பெறும் பக்கத்திலும் வைத்தால், மதிப்பு தவறாக இருக்கும்போது ரிப்பீட்டர் பேசுவதே உங்களுக்குக் கேட்காது. எங்கே பிழை என்று தேடி அலைவீர்கள். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டு, அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுப் பட்டனை விடுங்கள். விட்ட பிறகு சற்று நேரம் தொடரும் ரிப்பீட்டரின் வால் ஒலி கேட்டால் அது திறந்திருக்கிறது. வால் கேட்கிறது, ஆனால் குரல் மெலிதாக இருக்கிறது என்று மற்றவர் சொன்னால், ரேடியோ ‘நேரோ’ (குறுகிய அலை அகலம்) நிலையில் இருக்கும், ‘வைடு’க்கு மாற்றுங்கள். பேச்சற்று அழுத்தி அழுத்திச் சோதிப்பது எல்லோருக்கும் எரிச்சல்.

கான்கிரீட் வீட்டுக்குள் ரப்பர் ஆண்டெனா எடுபடாது. சுமார் 1.5 மீட்டர் நீளமுள்ள ஸ்லிம் ஜிம் ஆண்டெனாவை பால்கனியில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், இரும்புக் கிராதியிலிருந்து தள்ளி. ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் தின்றுவிடும்; உங்கள் 5 வாட்டில் 3 வாட்டுக்குச் சற்று மேல்தான் ஆண்டெனாவைச் சேரும். தேவையான அளவுக்கு மட்டும் கேபிள் வாங்குங்கள்.

நெட், அதாவது குறித்த நேரத்தில் பலரும் அலைவரிசையில் கூடிப் பேசும் கூட்டம், நடக்கும் நேரத்தில் ஒருவர் முடித்ததும் இரண்டு நொடி இடைவெளி விடுவது அவசியம். புதியவர் நுழைவதும், அவசரச் செய்தி வருவதும் அந்த இடைவெளியில்தான். பேச்சு பெரும்பாலும் மலாயில் நடக்கும். இரு தமிழர் தமிழில் பேசிக்கொண்டிருக்கையில் மூன்றாமவர் அழைத்தால் உடனே மலாய்க்கு மாறிவிடுவது மரியாதை. அவரும் மறுநாள் நம்மை அழைப்பார்.

ஹாட்ஸ்பாட்

டிஎம்ஆர் (டிஜிட்டல் குரல் முறை) ஹாட்ஸ்பாட் என்பது ராஸ்பெரி பை சிறுகணினியின் மேல் எம்எம்டிவிஎம் பலகை (சிறு ரேடியோ மோடம்), 10 மில்லிவாட் வெளியீடு, வீட்டு இணையம். உங்கள் டிஎம்ஆர் அடையாள எண் 502 என்று தொடங்கும். பிராண்ட்மாஸ்டர் இணைய வலையமைப்பில் மலேசியாவுக்கான குழு எண்ணும் 502. மலையால் மறைக்கப்பட்ட வீட்டுக்கு இது வரம். கோலாலம்பூர்க்காரரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல் இருக்கும். ஆனால் உங்கள் மாடிக்குக் கீழே ஹேண்டியோடு இருப்பவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது. இணையம் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே ரிப்பீட்டர் கிடைப்பவர் இதை இரண்டாவதாக வாங்கட்டும்.

வாங்கினால் இரண்டு விஷயம். 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை செயற்கைக்கோள்களுக்கானது. அதற்குள் ஹாட்ஸ்பாட்டை வைக்காதீர்கள். குரல் உடைந்து ரோபோ போல் கேட்டால் பலகையின் அதிர்வெண் சற்று நகர்ந்திருக்கும். ஆஃப்செட்டை 50 ஹெர்ட்ஸ் 50 ஹெர்ட்ஸாக மாற்றி, பிழை விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை சரிசெய்யுங்கள்.

இணையம் வழியே ரிப்பீட்டரோடு இணைக்கும் எக்கோலிங்க் செயலி கைபேசியிலேயே ஓடும். வேலையிடத்திலிருந்து நெட்டைக் கேட்க உதவும், அவ்வளவே.

சங்கமும் ஐபாலும்

1952இல் தொடங்கிய மார்ட்ஸ் (மலேசிய அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கம்), பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தில் மலேசியாவின் உறுப்புச் சங்கம். சந்தாவுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் கேபிளில் இணைப்பானைப் பற்றவைப்பதையும், ஆண்டெனா அளவீட்டுக் கருவியைப் படிப்பதையும் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் கற்கலாம். மாமாக் கடையில் தே தாரிக்கோடு நடக்கும் ஐபால், அதாவது நேருக்கு நேர் சந்திப்பு, இதற்குப் போதும். ஹேண்டியை எடுத்துப் போங்கள். டோன் சிக்கல் எல்லாம் ஐந்து நிமிடத்தில் தீரும்.

சீநெட்டும் ஐஓ-86ம்

ஊர் எல்லையைத் தாண்டும்போது இந்த இரண்டும்தான் நேருக்கு நேர் நிற்கும். தென்கிழக்கு ஆசிய ஹாம்களின் நெட்டான சீநெட் 1964இல் தொடங்கியது, 14.320 மெகாஹெர்ட்ஸ், தினமும் நம் நேரம் இரவு 8 மணி. அதன் முதல் மாநாடு 1971இல் நம் பினாங்கிலேயே நடந்தது என்பதால் இதன்மேல் நமக்குத் தனி உரிமை உண்டு. கேட்பதற்கு மொத்தம் 10 மீட்டர் நீளமுள்ள இருமுனை ஆண்டெனா வேண்டும், பக்கத்துக்கு 5 மீட்டர். பேச, உங்கள் உரிமப் பிரிவுக்கு அந்த அலைவரிசை உண்டா என்று ஒதுக்கீட்டுச் சான்றிதழைப் பாருங்கள். 14 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே சென்று திரும்புகையில் அருகிலுள்ளதைத் தாண்டிவிடும், 300 கி.மீ. தொலைவிலுள்ள கோலாலம்பூரைவிட மணிலா நன்றாகக் கேட்கும். அடுக்குமாடியில் எல்இடி விளக்குகளின் இரைச்சல் வேறு. இடி மழை கறுத்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

ஐஓ-86, இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 செயற்கைக்கோள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகைச் சாய்வில் மட்டும் இருப்பதால், ஐரோப்பியருக்கு எட்டாத அது நமக்குச் சுமார் 105 நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் வரும். அதிலுள்ள ரிப்பீட்டர் அட்டவணைப்படி இயக்கப்படும்போது 145.880 மெகாஹெர்ட்ஸில் 88.5 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்பி, 435.880 மெகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும். ஒருமுறை நம்மைக் கடக்கையில் அதிகபட்சம் 14 நிமிடம் எட்டும். வங்காள விரிகுடாவின் மேல் அது இருக்கையில் பினாங்கு, சென்னை, கொழும்பு மூன்றும் ஒரே பார்வைக்குள் வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தமிழ்க் குரல் கேட்க இதைவிட மலிவான வழி இல்லை.

அமைப்பு: கேட்கும் அதிர்வெண்ணை 435.890, .885, .880, .875, .870 என ஐந்து சேனல்களாக முன்பே பதிந்து, நெருங்கும்போது மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்குங்கள். டாப்ளர் நகர்வு, அதாவது செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறுவது, அந்த அளவுக்குத்தான் இருக்கும். அனுப்புவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று என இரண்டு ஹேண்டி நல்லது. 145.880இன் மூன்றாம் மடங்கு 437.640; கேட்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பதால் பெறும் ரேடியோ மந்தமாகிவிடும். இரண்டையும் கைக்கெட்டும் தூரத்துக்கு விலக்கி, கேட்கும் ரேடியோவில் காதுக்கருவியைப் பொருத்துங்கள். ஒலிபெருக்கியில் கேட்டால் உங்கள் குரலே மைக்கில் நுழைந்து சுழன்று, மற்றவர்கள் யாரும் பேச முடியாமல் போகும்.