நாரி (கீழ்முதுகு) ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றிலிருந்து எடுக்கிற நீரைச் சோதிக்காமல் ஊற்ற விடாதீர்கள்

அப்பாவுக்கு வயது 63. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடப்பக்க வயிற்றால் வெட்டி, இரண்டாம் மூன்றாம் நாரி எலும்புகளைச் சேர்த்துப் பொருத்தினார்கள். ஏழாம் நாள் கொக்குவிலுக்குக் கூட்டி வந்தோம். கால் குடைச்சல் போயிருந்தது, அதை மறைக்கவில்லை.

இரண்டாம் கிழமை வயிறு ஊதத் தொடங்கியது. அதே வைத்தியர் சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் பார்க்கும் கிளினிக்கில் சனல் பண்ணிக் காட்டினோம். “வாய்வு, நடந்தால் சரியாகும்” என்றார். அடுத்த சனி ஊசியால் நீர் இழுத்தார்கள். பெரிய சிரிஞ்ச் நிறைய வெள்ளையாக வந்தது, அம்மா வைக்கிற சொதி மாதிரியே.

“இதை லாப்புக்கு அனுப்பத் தேவையில்லையோ டொக்டர்?”

“இது காயத்து நீர் பிள்ளை, பயப்பட ஒண்டுமில்லை.”

அவ்வளவையும் வாளிக்குள் ஊற்றினார்கள். இப்படி மூன்று தரம், ஒவ்வொரு தரமும் தனி பில். வீட்டில் அம்மா உடம்பு தேறட்டும் என்று பால்கறியும் நல்லெண்ணெயில் பொரித்த முட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பற்றி அங்கே எவரும் வாய் திறக்கவில்லை.

அப்பா எலும்பும் தோலுமாகிவிட, அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நீரைப் பார்த்ததும் வார்ட்டில் நின்ற இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: “ஐயா நேற்று என்ன சாப்பிட்டவர்?” அன்றே நீரில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். டெசிலீட்டருக்கு 110 மில்லிகிராமைத் தாண்டினால் குடலிலிருந்து வரும் நிணநீர் என்று எடுப்பார்களாம். அப்பாவுக்குப் பல மடங்கு. சாப்பாட்டுக் கொழுப்பை நிணநீர்க் குழாய்கள்தான் ஏற்றிப் போகின்றன. அவை சேரும் பை மேல் இரண்டு நாரி எலும்புகளுக்கு முன்னால் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு குழாய் அறுந்தாலே கசியும். மிக அபூர்வம் என்றார். அறுந்ததற்கு நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. புரதமும் வெள்ளணுக்களும் சேர்ந்து போகிற நீரை, என்னவென்று பாராமலே ஊற்றிவிட்டுக் காசு வாங்கினதுதான் ஆறவில்லை.

குழாய் போட்டு நீரை வடியவிட்டு, கொழுப்பை நிறுத்தி, நிணநீர் வழியாகப் போகாத விசேஷ எண்ணெய் கொடுத்தார்கள். கடையில் ஒருவர் “தேங்காயெண்ணெயும் அதுதான்” என்றார். நம்பாதீர்கள், அதில் கூடுதலாக இருக்கும் லோரிக் அமிலத்தில் பெரும்பங்கு நிணநீர் வழியாகத்தான் போகும். நீர் தெளிவாக வந்தாலும் சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீராகவோ முள்ளந்தண்டு நீராகவோகூட இருக்கலாம்.

இப்போது குழாயில் வருவது இளநீர் போலத் தெளிந்துவிட்டது, அளவும் குறைகிறது. அப்பா இன்னும் சொதி இல்லாமல்தான் சாப்பிடுகிறார்.