வாசகர் வட்டத்துக்கு எது தோது? வட்ஸ்அப் குழு, சனல், டெலிகிராம்: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

கல்லடியில் இரண்டு பேர், காத்தான்குடியில் ஒருவர், அக்கரைப்பற்றில் மூவர், கட்டாரில் வேலை செய்யும் ஏறாவூர்ப் பிள்ளை ஒருவர். எல்லோரும் ஒரே சிறுகதையை வாசித்திருக்கிறார்கள். அதைப் பற்றி இவர்கள் மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். கைக்கு எட்டுவன மூன்று: வட்ஸ்அப் குழு, வட்ஸ்அப் சனல், டெலிகிராம். குறைகள் நிறைய இருந்தும் முதலிடம் வட்ஸ்அப் குழுவுக்கே. தட்டச்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன மைக்தான் காரணம்.

நன்றாக வாசிக்கிறவர்களில் பலர் போனில் தமிழ் அடிப்பதில்லை. நாலு வரி அடிக்கக் கால் மணித்தியாலம் போகும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் "சூப்பர்", "அருமை" என்பதற்கு மேல் போகாது. அதே ஆள் மைக்கை அழுத்தினால், "அந்த மனிசன் மகளிட்ட கடைசி மட்டும் மன்னிப்பே கேக்கல்லியே, மறுகா எதுக்கு அந்தக் கடிதம்?" என்று தன் ஊர்ப்பேச்சில் ஒரு நிமிடம் பேசிவிடுவார். பின்னால் முற்றத்துக் கோழி கூவும், யாரோ தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்ட இன்னொருவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க மனம் வராது. எழுத்தில் ஆறு மாதம் எடுக்கும் பழக்கம் குரலில் ஆறு வாரத்தில் வந்துவிடும்.

மைக்கை அழுத்தியபடி மேலே தள்ளினால் பதிவு பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். அனுப்ப முன் ஒரு தடவை கேட்டுப் பார்க்கவும் முடியும். ஒரு நிமிடப் பதிவு ஒரு எம்பியைக்கூட எட்டாது, ஆகவே டேட்டாவுக்குப் பயப்படத் தேவையில்லை. வட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருக்கும் டுபாயிலிருந்தும் குரல்பதிவு அனுப்பலாம். குடும்பத்தில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்களுக்கு இது சின்ன விசயமில்லை.

குரலிலேயே வரும் கேடும் உண்டு. ஒரே இரவில் ஐந்து நிமிடப் பதிவுகள் பத்து குவிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மறுநாள் இன்னும் பத்து வந்தால் குழுவை மியூட் பண்ணிவிடுவார்கள். ஒருவருக்கு ஓர் இரவில் ஒரு பதிவு, அதுவும் ஒன்றரை நிமிடத்துக்குள் என்று வைத்தால் தாங்கும். குரலுக்குள் சொல்லைத் தேடவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அதற்கு ரிப்ளையாக அட்மின் இரண்டு வரிச் சுருக்கம் தமிழில் எழுதிவிட வேண்டும். இந்த வேலை சலிப்பானது, ஆனால் விட்டால் மூன்று மாதத்தில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும்.

வட்ஸ்அப் குழுவின் மிகப் பெரிய குறை தொலைபேசி இலக்கம். குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். ஒரு பெண் கதையைப் பற்றி நாலு வார்த்தை பேசிய இரவே தனிப்பட்ட முறையில் "ஹாய்" ஒன்று வரும். அவர் முறைப்பாடு செய்ய மாட்டார், சத்தமில்லாமல் விலகிவிடுவார். "பெண்கள் ஏன் பேசுவதில்லை" என்று பல குழுக்களில் கேட்கிறார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். அழைப்பு லிங்க்கை முகநூலில் போடக்கூடாது. போட்டிருந்தால் லிங்க்கை மாற்றிவிடுங்கள், பழையது செத்துவிடும். புதியவர் சேர அட்மின் அனுமதி வேண்டும் என்ற தெரிவை குழு அமைப்புகளில் போட்டுவிடுங்கள். அட்மின்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால்தான் இந்த முறைப்பாடு யாருடைய காதுக்காவது போகும். முறைப்பாடு வந்த அன்றைக்கே "ஹாய்" அனுப்பியவரின் இலக்கத்தை நீக்க வேண்டும், எவ்வளவு பெரிய வாசகராக இருந்தாலும்.

குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். அந்த எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். பேச்சு உண்மையாக நடப்பது முப்பது, நாற்பது பேருக்குள். அதைத் தாண்டினால் பேசுகிற ஆறேழு பேரே பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். ஆள் கூடினால் இரண்டாவது குழு தொடங்கி, இரண்டையும் வட்ஸ்அப் கம்யூனிட்டி என்ற வசதிக்குள் போட்டு அறிவித்தலை மட்டும் பொதுவாக வைக்கலாம். ஆனால் எழுவான்கரைக்கு (வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) ஒன்று, படுவான்கரைக்கு (வாவிக்கு மேற்கே, வயல் பக்கம்) ஒன்று என்று ஊர் பார்த்துப் பிரிக்க வேண்டாம், கலந்திருப்பதில்தான் சுவை.

குழு உயிரோடு இருப்பதும் படுப்பதும் கேள்வியில்தான். "கதை எப்படி?" என்று போட்டால் பெருவிரல் படம் பன்னிரண்டு வரும், அதோடு முடிந்தது. அதே கதைக்கு, "மகள் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டது சரியா? நீங்களாக இருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஆள் "சரி" என்பார், இரண்டாமவர் "வாசிச்சுப் போட்டாவது எரிச்சிருக்கலாம்" என்பார், மூன்றாமவர் தன் வாப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். கதையில் ஒரு செயலைப் பிடித்து, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிக் கேட்பதுதான் சூட்சுமம். புதிதாகப் பேசுகிறவருக்கு பத்து நிமிடத்துக்குள் யாராவது பெயர் சொல்லிப் பதில் கொடுத்துவிட வேண்டும். முதல் பதிவுக்குப் பதில் கிடைக்காதவர் இரண்டாவது பதிவு போடுவது அரிது.

வாக்கெடுப்பு வசதியை அடுத்த கதையைத் தெரிவுசெய்ய வைத்திருங்கள். யார் எதற்குப் போட்டார் என்று பெயர் தெரிவதால் கருத்து அறிய அது உதவாது, முதல் மூன்று பேர் போன பக்கமே மற்றவர்களும் போவார்கள். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்களிக்கலாம்.

நேரம் இரவு 8.30. மஃரிப், இஷா தொழுகைகள் முடிந்திருக்கும், ரியூசன் பிள்ளைகள் வீடு வந்திருப்பார்கள், கட்டாரில் மாலை 6 மணி. வெள்ளி பகலிலும் நோன்பு மாதத்து இரவுகளிலும் வைக்க வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிழமைகளிலும் பாதிப் பேர் கோயிலில் இருப்பார்கள். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டு நடக்கையில் படுவான்கரை ஆட்கள் வராவிட்டால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஃபோவேட் விசயத்தில் மட்டும் இரக்கம் காட்டக்கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு இது மரியாதைப் பிரச்சினை அல்ல, அடித்தளம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பிய சிங்களக் கும்பல் ஒன்று முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கியது. மருந்து எனப்பட்டது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும். அந்தக் குறியோடு எது வந்தாலும், நல்ல செய்தியானாலும், அட்மின் அழுத்திப் பிடித்து எல்லோருக்குமாக அழித்துவிடலாம். அழித்த பிறகு அனுப்பியவருக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். குழுவுக்குள் வைத்துக் கண்டித்தால் அவரையும் இழப்பீர்கள், பார்த்திருந்த நாலு பேரையும் இழப்பீர்கள்.

கதையைப் பகிர்வதில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் பாமினி என்ற பழைய தமிழ்க் கணினி எழுத்துரு. கடையில் தட்டச்சுச் செய்வித்த கதையை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும், மாற்றிய பின் ஒற்றெழுத்துகளை ஒரு தடவை சரிபார்க்கவும். புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் வட்ஸ்அப் அமுக்கி மங்கலாக்கும். டொகுமென்ட் ஆக அனுப்பினால் எழுத்துத் தெளிவாக இருக்கும். ஈழத்து எழுத்துக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம் பெரிய கொடை. அங்கே உள்ள பிரதிக்கு லிங்க் கொடுங்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கிச் சுற்றவிட வேண்டாம். ஆனால் சமூக ஊடகப் பொதி மட்டும் ரீலோட் பண்ணியிருப்பவருக்கு வெளி லிங்க் திறக்காமல் போகலாம். கதை சிறியதென்றால், அனுமதி இருந்தால், குழுவுக்குள்ளேயே எழுத்தாகப் போடுவது நல்லது.

சனல் வேறு வகை, அதில் நடத்துகிறவர் மட்டுமே செய்தி போடுவார். உங்களைப் பின்தொடர்பவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது, அது நல்லது. ஆனால் உங்கள் பேச்சை அவர் கேட்பார், அவர் பேச்சை இன்னொரு வாசகர் கேட்க மாட்டார். அறிவித்தலுக்குச் சரி, உறவுக்கு ஆகாது.

டெலிகிராம் தொழில்நுட்பத்தில் மூன்றிலும் கெட்டிக்காரன். இலக்கத்தை மறைக்கலாம், ஒவ்வொரு கதைக்கும் தனித் தலைப்புத் திறக்கலாம், இன்று சேர்ந்தவர் போன வருடப் பேச்சையும் வாசிக்கலாம். வட்ஸ்அப்பில் புதியவருக்குப் பழைய பேச்சு தானாக வராது. மேலே பின் (pin) பண்ணிய செய்தியும் அதிகம் 30 நாள்தான் மேலே நிற்கும், மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். இருந்தும் டெலிகிராமுக்கு இரண்டாமிடம், எங்கள் பக்கத்து அம்மாமாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதைத் திறப்பதில்லை என்பதால். சுருக்கங்களையும் கதைகளையும் அங்கே களஞ்சியமாகச் சேர்த்து வைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

இன்னொன்று. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பல தடவை இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்படி ஒரு நாளில்தான் ஒருவரை ஒருவர் விசாரிக்க மனம் தவிக்கும். உறுப்பினர்களின் சம்மதத்தோடு பெயரும் இலக்கமும் ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு அட்மின்களும் ஆளுக்கொரு பிரதி வீட்டில் வைத்திருங்கள். சாதாரண அழைப்பு அப்போதும் போகும்.